கயிறு கட்டி இழுத்த வண்டி

தாராவி,
புதன்கிழமை.

ஏய்யா ராஜபாண்டி, அப்பா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர் வெயில் மண்டைக்குள் இறங்கிவிடும் என்கிறார்களே, தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஓட்டுகிறாயா. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை போயிற்று, எதற்குப் பொய் என்று இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவன் எழுத்து, ஒரு வரி மேலே ஏறும் ஒரு வரி கீழே இறங்கும். உனக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், மெல்லப் படி, ஓடிப் போகிற விஷயம் ஒன்றும் இதில் இல்லை. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். என் நம்பரை நீ அடைத்து வைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. அம்மா போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு நெட்வொர்க் போய்விடுகிறது. குரல் பதிந்து அனுப்பினால் கேட்காமலே அழித்துவிடுவாய். காகிதம் என்றால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும். மாட்டுங்காவில் அம்மா சமையல் செய்கிறாளே வாலாம்பாள் மாமி வீடு, அந்த மாமி மகன் கேஷவ் நீ இருக்கிற மஸ்கட்டில்தான் இருக்கிறார், லீவில் வந்தவர் அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

வீட்டு விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. குடிசைகளை இடித்துக் கட்டப்போகிற சர்வேக்காரர்கள் வந்து கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். ஏணிக்குக் கீழே இருக்கும் உன் இரும்புப் பெட்டியைப் பார்த்து இது யாருடையது என்று ஒருவன் கேட்டான், மகனுடையது என்றேன், மகன் எங்கே என்றான், வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன், எத்தனை மணிக்கு வருவான் என்றான். உன் அம்மா உள்ளேயிருந்து, "அதெ இவுககிட்ட கேக்காதீய, இவுகளுக்குத் தெரியாது" என்றாள். அவளுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. மாமி வீட்டில் பாயசம் வைத்தால் இனிப்புப் பார்க்கிறேன் என்று ஒரு கரண்டி, திட்டமாக இருக்கிறதா என்று இன்னொரு கரண்டி. கேட்டால் தொழிலுக்காகச் சாப்பிடுகிறாளாம். நீ சொன்னால் கேட்பாள், சொல்லு. குழாயில் தண்ணீர் இப்போது ஆறு மணிக்கே வந்து ஏழுக்குள் நின்றுவிடுகிறது.

எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ அம்மாவிடம் பேசியதை வாசல்படியில் நின்று கேட்டேன், ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள். காய்கறி ஏற்ற உன் முதலாளி கொடுத்திருக்கும் பழைய பிக்கப், அதுவும் நம்முடையதுபோல் தானே கியர் மாறுகிற, கிளட்ச் இல்லாத வண்டியாமே. காலையில் கியரை டி-யில் போட்டால் மூன்று எண்ணும் வரைக்கும் சும்மா நிற்கிறது, அப்புறம் பின்னாலிருந்து மாடு முட்டியதுபோல் டக்கென்று பிடிக்கிறது, வெயில் ஏறினால் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, இதெல்லாம் சொன்னாய். கெட்டுப்போனால் முதலாளி உன்னை ஏதாவது சொல்லமாட்டானா என்று அம்மா கேட்டாள். நீ என்ன சொன்னாய் தெரியுமா, "சொல்லட்டும்மா, நாந்தான் எரிச்சேன்னு சொல்லுவான், எனக்குப் பழக்கம்தானே" என்றாய். சாதாரணமாகச் சொன்னாய், காய்ச்சல் வந்து போயிற்று என்பதுபோல. நான் வாசல்படியிலிருந்து அப்படியே டீக்கடைக்குப் போய்விட்டேன். நம் வண்டியின் கியர்பாக்ஸை நீதான் எரித்தாய் என்று நம் ஊர்க்காரர் வண்டிச் சங்கத்து நோட்டில் எழுத வைத்தவன் நான். அதைப் பற்றியும் இதில் எழுதித்தான் தீர வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கூட்டம் இருக்கிறது.

ஆனால் முதலில் உன் வண்டி. அம்மா "எண்ணெ கிண்ணெ ஊத்திப் பாரேன்யா" என்றதும் நீ சிரித்தாய். சிரிக்காதே, அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். எஞ்சின் ஆயில் பார்ப்பதுபோல் காலையில் அணைந்து கிடக்கும் வண்டியில் கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவுக் குச்சியை உருவிப் பார்க்காதே. இருபது நிமிஷம் ஓட்டு, சூடாகட்டும். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போடு. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி கியரைப் பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் மூன்று எண்ணும் நேரம் வைத்து மறுபடி பி-க்குக் கொண்டுவந்து விட்டு அப்புறம்தான் குச்சியை எடுத்துத் துடைத்து, விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். சில கம்பெனி வண்டிக்கு வேறு மாதிரி, சிலதில் குச்சியே கிடையாது, புத்தகம் இருந்தால் யாரையாவது படித்துச் சொல்லச் சொல். எஞ்சின் அணைந்திருந்தால் மேலே ஓடிக்கொண்டிருந்த எண்ணெயெல்லாம் கீழே தொட்டியில் வடிந்து நிற்கும், குறைந்திருந்தாலும் குச்சி நிறைந்திருக்கிறது என்று பொய் சொல்லும். அப்புறம் நிறத்தைப் பார். குங்குமச் சிவப்பு என்றால் பயமில்லை, குறைந்திருந்தால் அதே எண்ணெய் வாங்கி ஊற்று, எங்கே ஒழுகுகிறது என்று தேடு, ரேடியேட்டருக்குப் போகிற பைப் முனையில்தான் பெரும்பாலும் இருக்கும். டீ டிகாஷன் மாதிரி இருந்து தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே பிளேட் தேய்கிறது. ரோஸ்மில்க் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது, அந்த இடத்திலேயே நிறுத்திவிடு. நுரை இருந்தால் எவனோ அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறான். நீ சொல்வதைப் பார்த்தால் எண்ணெய் குறைந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, காலையில் தாமதமாகப் பிடிப்பது அந்தக் குணம்தான். வெயிலில் வழுக்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வண்டிக்கு அடியில் காலையில் அட்டையைப் போட்டு வைத்துப் பார், சொட்டுத் தெரியும்.

இந்தக் குச்சி விஷயத்தை எனக்குச் சொன்னதே நீதான். நம் வண்டி காலையில் இதே மாதிரி நின்று நின்று பிடித்தபோது போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து சொன்னாய். நான் அணைந்த வண்டியில் குச்சியை உருவி, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்க்க உன் மூக்குக்கு நேரே நீட்டி, "பாருல, நெறஞ்சு நிக்கி, இன்னும் எங்க ஊத்தச் சொல்லுத" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு தேவையாக இருந்தது. ஏன் என்று கேள். பிளாஸ்டிக்கை உருக்கி அரிசி அரிசியாக வெட்டி மூட்டை கட்டுகிற நம் தானாக் கம்பெனியில் மூட்டை சரிந்து என் இடது முட்டி போன கதை உனக்குத் தெரியும். இனிமேல் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நான் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன், அம்மா எழுப்பி எழுப்பிப் பார்த்தாள். நீதான் அலைந்தாய். பாலம் கட்ட வந்த ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி வேலை முடிந்து ஏலம் விடுகிறது, பன்னிரண்டு வருஷத்துப் பிக்கப் ஒன்று இருக்கிறது, கிளட்ச் கிடையாது, "ஒங்க காலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குப்பா" என்று வந்து நின்றாய். எடுத்தோம். தெருவுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே நம் சங்கத் தலைவர் பூலோகம், "அண்ணாச்சி, எடது காலுக்கு வேலையில்லன்னா அத வீட்லயே வச்சிட்டு வாரும்வே" என்றார். அன்றிலிருந்து அந்த வண்டிக்கு ஏதாவது ஒன்று என்றால் முதலில் எனக்குப் பயம் வண்டியைப் பற்றி இல்லை, அந்த வாயைப் பற்றித்தான்.

அடுத்தது பாலம். இதைக் கவனமாகப் படி, உன் ஊரில் ஏற்றம் இருக்கிறதா இல்லையா எனக்குத் தெரியாது. நாங்கள் பழைய டெம்போ ஓட்டினவர்கள், பாலத்து ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால் பிரேக் பிடிக்க மாட்டோம். ஆஃப் கிளட்சில் பிடித்து லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து, முன்னாலும் போகாமல் பின்னாலும் சறுக்காமல் வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைப்போம். அப்படி நிறுத்தத் தெரிந்தவனைத்தான் டிரைவர் என்று சொல்வோம், பிரேக் பிடித்து நிற்கிறவன் புதுப் பயல். இந்த வண்டியில் கிளட்ச் இல்லை, ஆக்சிலேட்டர் இருந்தது, லேசாக மிதித்தால் இதுவும் அதே மாதிரி அந்தரத்தில் நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது ராஜபாண்டி, முட்டி போனாலும் வித்தை போகவில்லை என்று. உல்லாஸ்நகருக்கு வாரத்தில் மூன்று நடை, ஒவ்வொரு நடைக்கும் ஷஹாட் பாலத்தில் கால் மணி நேரம், முழு லோடோடு அப்படித்தான் நிற்பேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, பிரேக் புடிங்க, இதுல ஆஃப் கிளட்ச் எல்லாம் கெடையாது, உள்ள கரம் ஆயி வேவுது" என்பாய். "நீ பொறக்குமுன்னயே நான் காட் ரோட்டு மலையில லாரி ஏத்துனவம்ல" என்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பாய். ஒரு கட்டத்தில் சொல்வதை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். அது எனக்கு இன்னும் கோபமாக இருக்கும்.

அந்த நாளை நான் எழுத வேண்டியதில்லை, நீயும் அங்கேதான் இருந்தாய், ஆனாலும் நான் எழுதினால்தான் ஆகும். எனக்கு முட்டி வீங்கியிருந்தது, நீ தனியாக லோடு கொண்டு போனாய், ஷஹாட் பாலத்துத் தலைப்பில் வண்டி நின்றுவிட்டது, டி-யும் பிடிக்கவில்லை ஆர்-ம் பிடிக்கவில்லை என்று போன் செய்தாய். நான் பூலோகத்தின் டெம்போவில் மஞ்சள் கயிற்றுச் சுருளோடு வந்தேன். மூட்டையை அந்த டெம்போவுக்கு மாற்றி உல்லாஸ்நகரில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து கயிற்றை மாட்டினேன். நீ கையைப் பிடித்தாய். "கயிறு கட்டாதீங்கப்பா, பின்டயர் உருண்டா உள்ள ஆயில் போவாதாம், கிரேன் வச்சு தூக்கிட்டுப் போவோம், நான் போன் பண்ணிட்டேன், ஒரு மணி நேரத்துல வந்துருவான்" என்றாய். பூலோகம் டிரைவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி அப்பனுக்கே பாடம் எடுக்காம்லா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் உன் கையைத் தட்டிவிட்டேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர். நீ பின்னால் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்து வந்தாய். தாணே தாண்டி ஹாரன் அடித்தாய், மூன்று தடவை. பூலோகம் கண்ணாடியில் பார்த்து, "அண்ணாச்சி, பய கூப்பிடுதான், நிறுத்தவா" என்று கேட்டார். "போவும்வே, அவனுக்கு வேற வேல இல்ல" என்றேன். தாராவிக்கு வந்து சேர்ந்தபோது வண்டிக்கு அடியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு கொதித்தது, தீய்ந்த நாற்றம். நீ இறங்கிக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் கையில் வைத்தாய்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் பூலோகம் எல்லோர் முன்னாலும், கிளட்ச் இல்லாத வண்டி எத்தனை நாள் ஓடிற்று அண்ணாச்சி என்று ஆரம்பித்தார். எடுத்தவன் நான், ஏமாந்தவன் நான் என்று ஆகிவிடும் போல் இருந்தது. எழுந்து நின்று, வண்டி நல்ல வண்டி, என் மகன் கண்டபடி முறுக்கி எரித்துவிட்டான், கேட்டால் பொய் சொல்கிறான் என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன்னால் வரைக்கும் அப்படிச் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது, வந்த பிறகு அதுதான் உண்மை என்று ஆகிவிட்டது. நம் சங்கத்துக் கட்டுப்பாடு என்ன, வண்டியைப் பாழாக்கினவன் கையில் மூன்று வருஷத்துக்கு ஊர்க்காரர் எவரும் சாவி கொடுக்கக் கூடாது, கூட்டத்தில் பொய் சொன்னவனுக்கும் அதேதான். நோட்டில் உன் பெயரை எழுதினார்கள். பூலோகம் உன்னைப் பார்த்து நீ என்னப்பா சொல்லுத என்று கேட்டார், கயிறு கட்டும்போது நீ சொன்னதைத் தன் காதால் கேட்ட மனிதர். நீ, "அப்பா சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாய். அதற்கப்புறம் நம்மவர் வண்டி எதிலும் நீ ஏறவில்லை, மூன்றாவது மாதம் ஏஜென்ட் பிடித்துக் கடல் தாண்டிவிட்டாய். ஒன்று கேட்கிறேன். ஏன் வாயைத் திறக்கவில்லை. கயிறு விஷயத்தைச் சொல்லியிருந்தால் உன்னை அடித்திருப்பேன், அது வாஸ்தவம், ஆனால் விஷயம் வெளியே வந்திருக்கும். நீ பேசாமல் போனதால் என் பொய் என் கழுத்திலேயே தங்கிவிட்டது. இதை உன் நல்ல குணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல குணம் எதுவும் இல்லை, அது எனக்குத் தண்டனை என்று தெரிந்துதான் கொடுத்தாய். உன் ரத்தம் எனக்குத் தெரியாதா.

வண்டி தார்ப்பாய்க்குக் கீழே ஒரு வருஷம் கிடந்தது, எலி குடியேறி ஒயரைத் தின்றது. அப்புறம் வடாலா டிரக் டெர்மினல் பக்கம் உஸாமா என்று ஒரு மெக்கானிக், முப்பது வயதுதான் இருக்கும், இந்த மாதிரி கியர்பாக்ஸ் மட்டும்தான் பிரிப்பான், அவனிடம் கொண்டு போனேன். இந்தத் தடவை கிரேனில் தூக்கித்தான் போனேன். கிரேன் வந்து நின்றதைப் பார்த்து உன் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள், அதை இதில் எழுத மாட்டேன். உஸாமா கியர்பாக்ஸ் பெட்டியை இறக்கித் தட்டைக் கழற்றினான், அடியில் கறுப்புச் சகதி, காந்தத்தில் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. பிளேட்டுகளை எடுத்து வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். அவன் இந்தியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "சாச்சா, இது ரெண்டு வாட்டி செத்திருக்கு. மொதல்ல மெதுவா, மாசக்கணக்கா வெந்து செத்திருக்கு, எண்ணெ கொறவு, ஏத்தத்துல நிறுத்தி நிறுத்திக் கொதிச்சிருக்கு, இதுக்கு வைத்தியம் இருந்துது. அப்புறம் யாரோ கயிறு கட்டி இழுத்திருக்கான், எஞ்சின் ஓடாம பம்பு ஓடாது, பம்பு ஓடாம எண்ணெ போவாது, எல்லாம் வறட்டுல சுத்தி ஒட்டிக்கிச்சு, அதோட முடிஞ்சுது. யாரு இழுத்தது" என்று கேட்டான். தெரியாது என்றேன். அவனிடமும் பொய்தான் சொன்னேன், பழகின வாய்.

வேறு வண்டியில் கிடந்த பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினான். ஓட்டிப் பார்க்க என்னை உட்கார வைத்து அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். பாலத்து ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது, நான் வழக்கம்போல் நிறுத்தினேன். அவன் எட்டி என் காலைப் பார்த்தான். "சாச்சா, பிரேக் புடிங்க" என்றான். நீ சொல்கிற அதே இழுப்பு. "எத்தன வருசமா இப்பிடி நிறுத்துறீங்க" என்று கேட்டான். நான் பிரேக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான் வேலை, காலை ஒரு சாண் நகர்த்துகிற வேலை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், எரித்ததும் நான், இழுத்ததும் நான் என்று. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலை தூக்கவில்லை. "இதச் சொல்ல வடாலா வரைக்கும் போவணுமாக்கும்" என்றாள். இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. மூன்று மாதமும் நான் பேசாமல் அந்த வண்டியை ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தேன், பாலத்தில் ஒழுங்காகப் பிரேக் பிடித்தேன், வண்டி பட்டு மாதிரி போகிறது. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். போன வாரம் நீ எனக்குப் பழக்கம்தானே என்று சொல்லியிருக்காவிட்டால் இன்னும் ஓட்டிக்கொண்டேதான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை. சங்கத்து அறையில் பின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி போடுகிற பேச்சு ஓடுகிறது, அது முடிந்ததும் என் விஷயம். நேற்று பூலோகத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஆறிப்போன விசயத்த எதுக்குவே கிண்டுதீரு, இழுத்தது எம்வண்டில்லா, எம்பேரும்லா வரும்" என்றார். வரட்டும் என்றேன். "ஒமக்கும் மூணு வருசம் சாவி கெடையாது, அறுவத்தொண்ணு ஆவுது, அதுக்கப்புறம் ஒம்ம கையில எவன்வே வண்டி குடுப்பான்" என்றார். தெரியும் என்றேன். அவர் சொன்னது சரிதான், இன்றைக்குச் சாவியை மேஜைமேல் வைத்தால் வைத்ததுதான், இனி நான் ஓட்டப் போவதில்லை. தானாக் கம்பெனியில் எடை போட ஆள் வேண்டும் என்கிறார்கள், ஸ்டூலில் உட்கார்ந்து செய்கிற வேலை. வரும்போது உன் அம்மா, "நீங்க வீட்ல இருந்தா எனக்குத்தான் தொந்தரவு, இருந்தாலும் வச்சுட்டு வாங்க" என்றாள். நோட்டில் உன் பெயரை அடித்துவிடுவார்கள், விசா முடிந்து நீ வந்தால் எவரிடம் வேண்டுமானாலும் சாவி கேட்கலாம், நம் வண்டியையும் ஓட்டலாம். வா என்று நான் எழுதவில்லை, அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. உன்மேல் இருக்கும் கோபமும் எனக்குப் போகவில்லை, அதையும் மறைக்கவில்லை.

உன் வண்டிக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். குச்சியில் எண்ணெய் எப்படி இருக்கிறது என்று நாளைக்கே போட்டோ எடுத்துத் தேதியோடு உன் முதலாளிக்கு அனுப்பு. இன்ன தேதியில் இன்ன கோளாறு சொன்னேன் என்பது அவன் போனில் இருக்க வேண்டும். வண்டி கெட்டால் ஓட்டுகிறவன் தலையில் போடுவதுதான் எல்லோருக்கும் சுலபம், பெற்ற தகப்பனே போடுவான், அவன் யாரோ. சொல்லாமல் இருப்பது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டு இருக்காதே. வழியில் நின்றுவிட்டால் எவன் கயிறு கொண்டு வந்தாலும் கட்ட விடாதே, கையைத் தட்டிவிட்டாலும் மறுபடி பிடி.

கொடை வரி முடிகிற மாதிரி இருக்கிறது, கூப்பிட்டுவிடுவார்கள், அதனால் முடிவில் எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், அம்மாவுக்கு வாரம் தவறாமல் பேசு, பாயசத்தைப் பற்றி மறக்காமல் சொல். ஊர் அம்மன் உன் கூடவே வண்டியில் உட்கார்ந்து வரட்டும், எந்த ஏற்றத்திலும் உன்னை நிறுத்தாமல் கொண்டு சேர்க்கட்டும், கை காலுக்கு ஒரு குறையும் வராமல் நூறு வருஷம் இரு.

உன்னைப் பெற்ற,
நம்பிராஜன்.

இன்னும் கூப்பிடவில்லை. எழுந்து நின்று என்ன சொல்ல வேண்டும் என்று நடந்து வரும்போதே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன், வாய் மறுபடி வேறு எதையாவது சொல்லிவிடக் கூடாது பார். சொல்லப்போவதை இதிலேயே எழுதி, காகிதத்தைக் கையில் பிடித்துப் பார்த்துச் சொல்வதாக இருக்கிறேன், அப்படியே உன்னிடமும் வந்துசேரும். பூலோகம் என் பெயரைச் சொல்லிவிட்டார், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், ஒரு நிமிஷம் இரும் என்று கையைக் காட்டியிருக்கிறேன். ஊர்க்காரர் எல்லோருக்கும் வணக்கம், என் மகன் ராஜபாண்டி வண்டியை எரிக்கவும் இல்லை பொய் சொல்லவும் இல்லை, கயிறு கட்டாதீங்கப்பா என்று என் கையைப் பிடித்தான், ஏற்றத்தில் நிறுத்தி எரித்ததும் கயிறு கட்டி இழுத்ததும் ஹாரன் அடித்தபோது நிறுத்த விடாமல் பண்ணினதும் நான்தான், அதனால் இந்தச் சாவியை